கோடு தெரிகிற ஜன்னல்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையை எங்கே வைப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். நகரியில் தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. என் மனைவிக்குத் திருத்தணிப் பக்கம். அவள் ஊர் மெட்ராஸுக்குப் போய்விடும், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்கும், நடுவில் கோடு போடப் போகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. ஆடி மாதம் புதுப்பெண் தாய்வீடு போக வேண்டுமே, அந்தக் கோட்டைத் தாண்ட விடுவார்களா?

அமாவாசையன்று நாங்கள் யாரும் தறியில் உட்காரமாட்டோம். அப்படி ஓர் அமாவாசையில் திருமலைக்குக் கிளம்பினோம். ரயிலிலேயே கேட்டுவிட்டாள், "மலை மேலேர்ந்து பாத்தா அந்தக் கோடு தெரியுமாங்க?" அது எனக்கே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லப் புது மாப்பிள்ளைக்கு வாய் வருமா? "ஜன்னல் ஓரம் குந்திக்கினு பாத்தா எல்லாம் தெரியும்" என்று அளந்துவிட்டேன்.

திருப்பதியில் மலை பஸ் நிற்கிற இடத்தில் நல்ல கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளிடம், கீழே ஊர் எந்தப் பக்கம் தெரிந்தது என்று விசாரித்தேன். எல்லோரும் வலது பக்கம் என்றார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு போய், வலது பக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு இடம் பிடித்தேன். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் பாறைதான். இறங்கி வருகிறவர்களுக்கு வலது பக்கம் என்றால், ஏறிப் போகிற எனக்கு அது இடது பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. இடது ஜன்னலில் பலமனேர்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இடம் மாறி உட்காரச் சொன்னேன், அதுவும் அதட்டலாக. இந்த ஊர் உனக்கா எனக்கா என்று எல்லோரும் மல்லுக்கு நின்ற காலம், அந்தச் சூடு எனக்கும் ஏறியிருந்தது போல. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் ஆகு தம்முடு, மலுப்பு வரட்டும்" என்றார் தெலுங்கும் தமிழுமாக. கொஞ்சம் பொறு, வளைவு வரட்டும் என்கிறார்.

வளைவு வந்தது. பஸ் முழுசாக ஒரு திரும்பு திரும்பியது. பாறை அவர் பக்கம் போய்விட்டது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே திருப்பதி ஊரே விரிந்து கிடந்தது. கோபுரம், குளம், ஏரி, வயல்கள், தூரத்தில் நீலமாகப் புத்தூர்ப் பக்கத்து மலைகள். இப்போது அந்த அம்மா எழுந்து வந்து என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அடுத்த வளைவில் இவள் அங்கே ஓடினாள். வளைவுக்கு வளைவு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இடம் மாற, நானும் அவரும் வழிவிட்டு நின்றுகொண்டே போனோம். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

உச்சி நெருங்கியபோது அவள் என் காதருகே வந்தாள். "நானும் ரெண்டு பக்கமும் பாத்துக்கினேதான் வரேன், கோடு ஒண்ணியும் காணோம். வயலும் வயலும் ஒட்டிக்கினுதான் கீது. நான் ஆடிக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போவேன்."

போனாள். எல்லை முடிவாகி அவள் ஊர் மெட்ராஸ் பக்கம் சேர்ந்த பிறகும் நினைத்தபோதெல்லாம் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். எனக்கோ, இன்றும் யாரிடமாவது குரலை உயர்த்த வாய் துடித்தால் அந்தப் பலமனேர்க்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார்; அடுத்த வளைவு வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.