நடுங்காத கை

மலேசியாவில் புக்கிட் ரோத்தானிலிருந்து செகிஞ்சான் அரிசி ஆலைக்கு வேன் ஓட்டுகிறவன் நான், சேது. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன், நடுவில் ஆலையிலேயே எடுபிடி வேலை. வேன் ஓட்டுகிறவனுக்குக் காது இரண்டும் முதுகுப் பக்கம்தான். மாடில்டாவின் கதையில் பாதி அப்படிக் காதில் விழுந்தது. மிச்சத்தை அவளே சொன்னாள்.

அவளைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குக் கோபம் வந்துவிடும். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தார்கள். புருஷன் காப்ரியல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, முதுகு போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். மகள் ஃபியோனா பொலிடெக்னிக்கில் படிக்கிறாள். குடும்பம் முழுவதும் மாடில்டா தலையில்தான், அதையும் சிரித்துக்கொண்டே சுமப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடியதை வாரம் முழுக்க வேனில் பாடுவாள். பெருமை பேசாமல் இருக்க மட்டும் அவளால் முடியாது.

வேனில் அவள் பக்கத்து இடம் ஜெய்புன்னிசாவுக்கு. தஞ்சோங் காராங்கில் ஏறுவாள். அவள் புருஷன் கனி அங்கே சந்தைக்கு எதிரே ரொட்டி சானாய் கடை வைத்திருக்கிறார். ஆலையிலும் இருவரும் எதிரெதிரே நின்று, ஓடும் பட்டையில் வரும் அரிசிப் பைகளைத் தூக்கி அடுக்குவார்கள். பல வருஷப் பழக்கம். நோன்பு மாதத்தில் மாடில்டா அவளுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு மாடில்டா வீட்டு பிரியாணி ஜெய்புன்னிசாவின் கைதான்.

போன வருஷம் எங்கள் தவுக்கே, ஆலை முதலாளி, ஒரு ரோபோ கையை வாங்கினார். கூண்டுக்குள் அடைத்து வைக்கிற பெரிய ராட்சசன் இல்லை. மனிதர்கள் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிற ரகம், நம் மேல் பட்டால் தானாக நின்றுவிடும். முதலில் அதன் நுனியில் காற்றை உறிஞ்சிப் பையைப் பிடிக்கும் ரப்பர் குப்பிகள் மாட்டி வந்தார்கள். அரிசிப் பை நெளிந்து கொடுக்குமே, குப்பி பிடித்த பை பாதி வழியில் தரையில் விழுந்து உடைந்தது. தவுக்கே முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஷா ஆலாம் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் அகிலன் அதைக் கழற்றிவிட்டு, பைக்கு அடியில் நுழைந்து தூக்கும் இரும்பு விரல்களை மாட்டினான். அதற்குப் பிறகு பை விழவில்லை.

பைகளைத் தூக்க ரோபோ வந்துவிட்டால் பெண்கள் எங்கே போவது? ஒருத்தி மட்டும் அதைப் பார்த்துக்கொள்ள நிற்பாள், மற்றவர்களை உமிக் கொட்டகைக்கும் கூட்டிப் பெருக்கவும் அனுப்புவார்கள் என்று பேச்சு. உமித் தூசியில் நின்றவர்களுக்குத் தெரியும் அது என்ன இடம் என்று. எல்லோருக்கும் அந்த ஒரு இடத்தின் மேல்தான் கண்.

இந்த ரோபோவுக்குக் கணினியில் எழுதிக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறை நடத்திக் காட்டினால் போதும், போன பாதையை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அகிலன் மாடில்டாவையும் ஜெய்புன்னிசாவையும் கூப்பிட்டு, "அக்கா, நீங்க எப்படி அடுக்குவீங்களோ அப்படியே இழுத்துக் காட்டுங்க," என்றான். இருவரும் காட்டினார்கள். இரண்டில் நன்றாக அடுக்கியதை அவன் வைத்துக்கொண்டான். யாருடையது எது என்று குறித்து வைக்கவில்லை, படித்த பிள்ளையின் லட்சணம்.

மாடில்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அடுக்கின் முதல் பையைத் தொடும் முன் அதன் மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். வீட்டில் உலையில் போடும் அரிசிக்கும் அப்படித்தான். கையுறைக்குள் விரல் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குப் பையைத் துடைப்பதுபோலத்தான் இருக்கும். அன்றைக்கு ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்தவள், பையின் மேல் அதைக் கொண்டுபோனதும், பழக்கத்தில் முன்னே, பின்னே, இடது, வலது என்று இழுத்துவிட்டு அப்புறம்தான் தூக்கினாள். அவளுக்கே அது தெரியவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று, "நான்தான் இப்ப ரோபோவுக்கு டீச்சர் லா," என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். காப்ரியல்கூட முதுகு வலியை மறந்து நிமிர்ந்து நின்றானாம்.

சூப்பர்மார்க்கெட்காரர்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். தவுக்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கற்றுக்கொடுத்த பாதையில் ரோபோவை முதல் தடவையாக ஓடவிட்டார். அது பையின் மேல் வந்து நின்றது. முன்னே, பின்னே, இடது, வலது. பிறகு தூக்கியது. அடுத்த பைக்கும் அதே. அதற்கு அடுத்ததற்கும் அதே. வந்திருந்த பெண் ஒருத்தி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே, "ஐயோ, உங்க ரோபோ சிலுவை போடுது பாருங்க!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

தவுக்கே சிரிக்கவில்லை. எல்லா மதத்துக்காரர்களும் வாங்குகிற அரிசி, படம் நாலு இடத்துக்குப் போனால் என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். "யார் இதுக்குக் கத்துக்கொடுத்தது?" என்று கேட்டார்.

மாடில்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. உமிக் கொட்டகை கண்முன் வந்தது. சர்ச் வாசலில் பேசியதும் வந்தது.

"ஜெய்புன்னிசாதான், பாஸ்," என்றாள். "சிலுவை எல்லாம் இல்ல. அவ கை கொஞ்சம் நடுங்கும். அதைத்தான் மெஷின் புடிச்சிக்கிச்சு."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். முஸ்லிம் பெண் கற்றுக்கொடுத்தது என்றால் அது எப்படிச் சிலுவையாகும்? விருந்தாளிகளும் சரிதான் என்று தலையாட்டினார்கள். தவுக்கேவுக்கு மூச்சு வந்தது. அகிலன் எதையோ அழுத்தி அந்த அசைவை நீக்கினான். ஜெய்புன்னிசா தோழியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

மறுவாரமே மாடில்டாவை ரோபோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கை நடுங்குகிறவள் பட்டையருகே நின்றால் ஆபத்து என்று ஜெய்புன்னிசாவை உமிக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேனில் மாடில்டாவின் பாட்டு நின்றது. நான் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: ரோபோ இப்போது நேராக வந்து நேராகத் தூக்கும்போதெல்லாம், நாலு பேர் முன்னால் அது தன்னைக் காறித் துப்புவதுபோல் இருந்ததாம். பையின் மேல் விரல் வைக்கக் கூசியதாம். வீட்டில் அரிசி களையும்போதும் சிலுவை போட வரவில்லை. பாவத்தோடு வாங்கக்கூடாதென்று பூசையில் நற்கருணைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபியோனா ஏன் என்று கேட்டபோது அந்தப் பிள்ளை மேல் எரிந்து விழுந்தாள். செய்வதையும் செய்துவிட்டு பிள்ளை மேல் பாய்வானேன்?

ஒருநாள் சாயங்காலம் தஞ்சோங் காராங் நெருங்கும்போது ஜெய்புன்னிசாவின் குரல் பின்னால் கேட்டது.

"மாடி, உன்ன ஒன்னு கேக்கணும். ரொம்ப நடுங்குதா?"

"என்னது?"

"என் கை. நான் நேராத்தான் தூக்கினேன்னு நெனச்சேன். ஆனா நீதானே எதிர்ல நின்னு பாக்குறவ. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்." அவள் குரல் இறங்கியது. "எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் லா ஆரம்பிச்சது. முதல்ல விரல்ல. அப்புறம் ஒரு தம்ளர் தண்ணி குடிக்க ஆள் வேணும். கிளினிக்குக்குப் போனேன், டாக்டர் ஒன்னும் இல்லங்கிறார். மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டாங்க இல்ல? கடையில டீ ஆத்தக்கூட எனக்குப் பயமா இருக்கு. இவருகிட்ட இன்னும் சொல்லல. நீ நெசமா சொல்லு, இப்ப நடுங்குதா?"

கண்ணாடியில் பார்த்தேன். ஜெய்புன்னிசா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் குழியும் மேடுமாகப் போகிற ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வேன் முழுவதும் ஆடுகிறது, அந்தக் கைகள் மட்டும் ஆடவில்லை. மாடில்டா அவற்றைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்ல ஜெய்பு," என்று மட்டும் சொன்னாள். ஜெய்புன்னிசா அதை நம்பவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. மனசுக்கு ஆறுதலாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

தான் செய்தது என்ன என்று மாடில்டாவுக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்ததாம். ஒருத்தியின் வேலையை மட்டும் பிடுங்கவில்லை. நல்ல கைக்கு ஒரு நோயைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அகிலன் ரோபோவின் தேய்ந்த விரல்களை மாற்ற வந்திருந்தான். மாடில்டா என்னை உமிக் கொட்டகைக்கு அனுப்பி ஜெய்புன்னிசாவைக் கூட்டிவரச் சொன்னாள். தவுக்கேவை அவளே போய் அழைத்து வந்தாள். அகிலனிடம் ரோபோவைத் தளர்த்திவிடச் சொல்லி, அதன் மணிக்கட்டைப் பிடித்தாள். பையின் மேல் கொண்டுவந்தாள். முன்னே, பின்னே, இடது, வலது.

"இது என் கை பாஸ். அன்னிக்கும் என் கைதான். சிலுவைதான் போட்டேன். ஜெய்புன்னிசா கையில ஒரு கோளாறும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம், காதெல்லாம் சிவந்து, கண்ணீர் கையுறையில் விழுந்தது. தவுக்கே திட்டுவார், வெளியே போ என்பார் என்று நாங்கள் நின்றோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"இவ்வளவுதானா? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அழிச்சிருப்போமே. இதுக்கா அவ மேல சொன்னே?" என்றார். போகிறபோது, ஜெய்புன்னிசா நாளையிலிருந்து ரோபோவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அகிலனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒன்றுமில்லாத விஷயத்துக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள் என்பது எல்லோர் முன்னாலும் தெரிந்துபோனது. ஜெய்புன்னிசாவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சிரு ஜெய்பு," என்றாள்.

"சரி, விடு," என்றாள் ஜெய்புன்னிசா. ஏசவில்லை.

இப்போது உமிக் கொட்டகையில் நிற்பது மாடில்டா. வேனில் ஜெய்புன்னிசா வழக்கம்போல அவள் பக்கத்திலேயே உட்காருகிறாள், மீன் விலையைப் பேசுகிறாள், கிறிஸ்துமஸுக்குப் பிரியாணியும் செய்துகொடுத்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

ஆனால் தினமும் காலையில் ஆலை வாசலில் வேனை நிறுத்தியதும் ஜெய்புன்னிசா உடனே இறங்குவதில்லை. பையை மடியில் வைத்துவிட்டு வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள். அதுவரை மாடில்டா பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.