மொட்டைக் கோபுரம் கட்டியது என் மகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். வீட்டுக்காரரைக் குறைத்து எழுதிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே இந்தக் கதையை மாற்றிச் சொன்னார்கள். விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம், குற்றாலத்தில் சீசன். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு கடையில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தன. நீலப் பெட்டியின் மேல் பாலமும் லாரியும் படம் போட்டிருந்தது. ரோஸ் பெட்டியின் மேல் அடுப்படி. ஒரு பெண்பிள்ளை கரண்டியோடு சிரித்துக்கொண்டு நின்றாள். என் மகளுக்கு அப்போது ஏழு வயசு. அவள் கை நீலப் பெட்டிக்குத்தான் போனது.

கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "பொட்டப்பிள்ளைல்லா அண்ணாச்சி? அதுகளுக்குன்னே இது வந்திருக்கு," என்றார். ரோஸ் பெட்டிதான் வீட்டுக்கு வந்தது.

படத்தில் இருந்த அடுப்படியை அவள் ஒரே ஒரு தடவை கட்டினாள். அன்றைக்கே பிரித்தும் போட்டாள். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டைகளோடுதான் இருப்பாள். அடுப்புக்கென்று கொடுத்த கட்டைகள் கோபுர நிலைகளாயின, ஜன்னல்கள் வாசல்களாயின. நவராத்திரி வந்தபோது ஒரு ராஜகோபுரம் எழும்பியிருந்தது. ஆனால் நடுவில் பிளந்து, உச்சி இல்லாமல்.

தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கோயில் கோபுரம் எந்தக் காலத்திலோ பிளந்துபோய், மொட்டைக் கோபுரம் என்றே பேர் வாங்கி நின்றது. புதுக் கோபுரம் பிற்பாடு வந்ததுதான். என் மகள் பிறந்தது முதல் பார்த்தது அந்தப் பிளவைத்தான். ஒருமுறை திருநெல்வேலி கோயிலுக்குக் கூட்டிப்போனபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "எம்மா, இது இன்னும் பிளக்கலையா?" என்று கேட்டவள் அவள்.

அந்த ரோஸ் கோபுரத்தைக் கொலுவில் நடுப்படியில் வைத்தேன். இலஞ்சியிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. உடைந்த கோபுரத்தைப் படியில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, பெட்டியில் இருக்கிற மாதிரி அடுப்படி கட்டி வைக்கச் சொல் என்றார். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, சாமி அந்த மொட்டைக் கோபுரத்துக்கு உள்ளதான இருக்காரு. ஆகாதுன்னு நாம கும்பிடாமயா இருக்கோம்? இது இங்கனதான் இருக்கும்," என்றேன். அதற்கு முன்னால் நான் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை.

சாயங்காலம் சுண்டல் வாங்க வந்த தெருப் பெண்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். நம்ம கோபுரமேதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ஒருத்தி. யார் கட்டியது என்று கேட்டாள் இன்னொருத்தி.

"எல்லாம் என் தம்பி கைவேலைதான்," என்றார் நாத்தனார்.

காலையில் ஆகாது என்றவர்தான் இப்படிச் சொன்னார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். சிரித்தார். மகளும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. குங்குமத் தட்டைக் கீழே வைத்தேன். "இல்ல. உங்க தம்பி தீப்பெட்டிய அடுக்குனாக்கூட சரிஞ்சிரும் மதினி. கட்டுனது இவ. ஒத்தைக் கட்டைய நாங்க யாரும் தொடல," என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். கொலு முடியும்வரை என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்று நானும் என் வேலையைப் பார்த்தேன். அம்பாளுக்கு முன்னால் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தால்தான் எனக்குப் பாவம்.

இப்போது சொந்தத்தில் சொல்லுகிற கதையில் கோபுரம் முழுசாக நிற்கிறது. கட்டியவர் அப்பா, மகள் கட்டை எடுத்துக் கொடுத்தாளாம். அவள் பிற்காலத்தில் கட்டட வேலையெல்லாம் படிக்கவில்லை. படித்திருந்தால்தான் சொல்ல வேண்டுமா? ஏழு வயசில் கட்டினாள், அது போதும்.

படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் சந்தோஷம். ஆனால் பிளவை ஒட்டவைக்காதீர்கள், ரோஸ் கலரை மாற்றாதீர்கள், ஒரு பிள்ளை கட்டியது என்று மழுப்பாதீர்கள். பொட்டப்பிள்ளை கட்டியது என்றே சொல்லுங்கள்.