அண்ணனுடையது வேண்டாம் என்றார்கள்

கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் பல் துலக்கியபோது, துப்பியதில் ரத்தம் வந்தது. பிரஷ் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாளாகியும் நிற்கவில்லை. உத்தமபாளையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், வீட்டுக்குப் போகாமல் நேரே மதுரைக்குப் போகச் சொன்னார். லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்). எனக்கு இருபது வயது.

மதுரை மருத்துவமனையில், என் வயதுக்காரர்களுக்கு இந்நோய் ஏன் வருகிறது என்று மரபணு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் சேரக் கையெழுத்துப் போட்டேன். தோலில் சிறு துணுக்கு எடுத்துக்கொண்டார்கள். கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) தொடங்கியதும் அதை மறந்தே போனேன்.

மருந்து மட்டும் போதாது, எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடம்) மாற்ற வேண்டும் என்றார்கள். அண்ணன் முருகேசனுடையது முழுதாகப் பொருந்தியது. கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்தவன், தங்கச்சி எனக்குத் தைரியம் சொன்னான்.

"பயப்படாத ஆத்தா. ஒரே ரத்தம்ல. எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிறட்டும்."

நான்கு நாள் கழித்து எங்களையும் அம்மாவையும் மருத்துவர் உட்காரவைத்துப் பேசினார். ஆய்வில், என் தோலிலும் இந்நோய்க்கு வழிவிடும் ஒரு மரபணு மாற்றம் தெரிந்திருக்கிறது. நோயால் வந்ததல்ல, பிறவியிலேயே இருப்பது. அதனால் அண்ணனின் ரத்தத்தையும் சோதித்திருக்கிறார்கள்.

"அவருக்கும் அது இருக்கு. அவர் மஜ்ஜையை உங்களுக்கு வைக்க முடியாது."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "அப்ப எனக்கும் வருமா சார்?"

"வரலாம். வராமலும் போகலாம். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் பாக்கணும்."

"எத்தனை வருசத்துக்கு?"

"கடைசி வரைக்கும்."

அம்மாவையும் சோதித்தார்கள்; அவளுக்கு அது இல்லை. அப்படியென்றால் அப்பா வழி. அப்பா, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே இறந்தவர். "காச்சல்னுதான் சொன்னாக. என்ன காச்சல்னு எனக்குக் கேக்கத் தெரியலையே," என்றாள் அம்மா.

பாதியே பொருந்திய அம்மாவின் மஜ்ஜைதான் எனக்கு ஏற்றப்பட்டது. நாற்பது நாள் தனியறை. வாயெல்லாம் புண். பிழைத்தேன்.

என்னைப் போல இந்நோயோடு படுத்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக நான் வருந்தவில்லை. போடாதிருந்தால் அதே மாற்றம் அண்ணனிடமிருந்து எனக்குள் திரும்பியிருக்கும். ஆனால் தெரிந்துகொண்டதை இனித் தெரியாததாக்க முடியாது.

இன்று என் உடம்பில் ஓடுவது அம்மாவின் ரத்தம். அண்ணனிடம் ஓடுவது பழையதுதான். இருவரும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். அவன் பரிசோதனை முடிவை நான் முதலில் வாங்கிப் படிக்கிறேன், என்னுடையதை அவன். ஆறு மாதத்துக்கு அப்பால் உள்ள எதையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன வாரம் வருசநாட்டிலிருந்து அண்ணனுக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச வந்தார்கள். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரிசல்ட் வரட்டும்மா," என்றான்.

ஏதோ அரசுத் தேர்வு எழுதியிருக்கிறான் என்று நினைத்து, வந்தவர்கள் அவனை வாழ்த்தினார்கள்.