பஞ்சவர்ணம் அக்காவின் தொட்டி

உச்சந்தலையில் விழுந்த முதல் வாளித் தண்ணீர்... அந்தக் குளிர் இன்றும் நினைவிருக்கிறது. கூடவே வெட்கமும்.

எண்பத்து மூன்றின் தொடக்கம். ஜூலைக் கலவரத்துக்குச் சில மாதங்கள் முந்தி. யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படித்துக்கொண்டிருந்த நாங்கள் பத்துப் பேர், சேவை முகாம் என்று தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போனோம். இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். தூர்ந்து கிடந்த ஊருணியை வெட்டி ஆழமாக்குவதுதான் வேலை.

வெளிநாடு போய் ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுக்கப் போகிறோம் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

என்னைத் தங்க வைத்தது பஞ்சவர்ணம் அக்கா வீட்டில். அவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். முதல் நாள் மண் சுமந்துவிட்டுப் பின்னேரம் வந்தால், வீட்டின் பின்னால் சீமெந்துத் தொட்டி நிறையத் தண்ணீர்! பக்கத்தில் வாளி.

எங்கள் உரும்பிராயில் கிணற்றடிக்குப் போனால் இருபது முப்பது வாளியாவது ஊற்றுவோம். ஊற்றிய தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். எனக்குத் தெரிந்த குளிப்பு அதுதான். உடுப்புத் தோய்த்தேன். தலை முழுகினேன். தொட்டியின் அடி தெரிந்த பிறகுதான் வாளியை வைத்தேன்.

அக்கா வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“குளிச்சாச்சா தாயி? தலையத் தொவட்டு, சளி புடிச்சிக்கப் போகுது.”

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலை, அவர் குடத்தோடு ஒவ்வொரு வாசலாக நின்றதைக் கண்டேன். இரண்டு வீட்டில் இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் அரைக் குடம் கிடைத்தது. அதில்தான் எனக்கும் தேநீர் வந்தது.

பக்கத்து வீட்டில் தங்கியிருந்த சிநேகிதி சாந்திதான் விஷயத்தைச் சொன்னாள்.

“இஞ்சை ஊத்துத் தண்ணி முறை வைச்சுத்தானாம் அள்ளுறது. உன்ரை அக்காவுக்கு இன்னும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் முறை. எல்லாத்தையும் நீ ஊத்திப்போட்டியே! போய் மன்னிப்புக் கேளன்.”

“ஓம்... கேக்கிறன்.”

கேட்கவில்லை. படித்த பிள்ளை, சேவை செய்ய வந்த பிள்ளை... வாய் வரவில்லை. பத்து நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். புறப்படும் அன்று அக்கா ஒரு பொட்டலம் கருவாடு தந்து, “மறுபடி வா தாயி” என்றார். பஸ் ஹோர்ன் அடித்தது. “போயிட்டு வாறன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அதன்பிறகு கலவரம் வந்தது. கப்பலும் நின்றுபோனது.

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, மீசாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு வளவில் நாங்கள் நாற்பது பேர். மழை பெய்தும், அத்தனை பேர் அள்ளியதில் கிணறு கலங்கிச் சேறாகிவிட்டது. அந்த வீட்டுக்கார அக்கா சமையலுக்கென்று குசினியில் மூடி வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

“மூண்டு நாளாச் சேத்தோடை நிக்கிறாய் பிள்ளை. ஊத்து.”

என்னால் ஊற்ற முடியவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

“ஏன் பிள்ளை? தண்ணிதானே!”

முகம் கழுவி, காலைக் கழுவி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது டொரோண்டோவில் இருக்கிறேன். பைப்பைத் திருப்பினால் சுடுதண்ணீர். முறையும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனாலும் அரை வாளிக்கு மேல் எனக்குக் குளிக்க வருவதில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பஞ்சவர்ணம் அக்கா இருந்தால் எழுபது வயதிருக்கும். அந்த ஊருணி நிறைந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டு வருடம் கழித்து மீசாலையில் சொன்னேன்...

அவரிடம் சொல்லவில்லை.