பாலுசாமியைப் பார்க்க ஆள் வந்த நாள்

நஞ்சம்மாள் அன்றைக்கு மில்லுக்கு லீவு சொல்லியிருந்தாள். புருஷன் பாலுசாமியைச் சோதித்துப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறது. மறதி முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், அவள் மில்லுக்குப் போகும் நேரத்தில் கூட இருந்து பார்த்துக்கொள்ள அரசுச் செலவில் ஒரு ஆள் கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி வெளியே பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். போன வாரம் பின்கதவைத் திறந்துகொண்டு போய்த் துடியலூர் தண்டவாளத்தில் நின்ற மனுஷர். யாரோ புண்ணியவான் இழுத்துப் போட்டான். இன்னொரு தரம் யார் இழுப்பார்கள்?

அப்படிப் பயந்தவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் எங்கள் ஊர்க்காரர்களால் சும்மா இருக்க முடியுமா? வீட்டைக் கூட்டி, அவருக்குத் தலைக்கு ஊற்றி, முகம் மழித்து, வெள்ளை வேட்டி சட்டையை மாட்டி, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டாள் மகராசி!

சோதிக்க வந்த தேஜஸ்ரீ என்ற சின்னப் பெண் கேட்டைத் திறந்ததுமே பாலுசாமி எழுந்துவிட்டார். “வாங்க கண்ணு, வாங்க. வெயில்ல வந்துருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. ஊட்டுல எல்லாருஞ் சொகந்தானுங்களா?”

“இன்னைக்கு என்ன கெழமைங்கய்யா?”

“நீங்க வந்ததே நல்ல கெழமைதானுங்களே!”

“கொழந்தைங்க எத்தனைங்க?”

“சாமி புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க.”

தேஜஸ்ரீ சிரித்துவிட்டாள். கேட்ட இரண்டுக்குமே பதில் வரவில்லை என்பது நஞ்சம்மாளுக்குத்தான் தெரிந்தது.

“நல்லாத்தானுங்கம்மா பேசறாரு. ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் ஆள் போடுவாங்க” என்று பையை மூடினாள் தேஜஸ்ரீ.

“அய்யோ இல்லீங்க அம்மணி, அன்னைக்கு...” என்று இழுத்தாள் நஞ்சம்மாள். நாலு பேர் மதிக்க வாழ்ந்தவரை, எதிரே உட்கார வைத்துக்கொண்டே புத்தி கெட்டவர் என்று எப்படிச் சொல்வாள்? தண்டவாளம் கண்ணுக்குள் வந்து நின்றது. கேட் வரைக்கும் கூடவே போனாள்.

வழியனுப்பப் பாலுசாமியும் வந்தார். “போயிட்டு வாங்க கண்ணு” என்றார். பிறகு நஞ்சம்மாள் பக்கம் திரும்பி, அதே மரியாதையோடு கைகூப்பினார்.

“நீங்களும் கெளம்புங்கம்மா, நேரமாகுது. எம்பட ஊட்டுக்காரி நஞ்சா மில்லுக்குப் போயிருக்கறா. வந்தா, நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு சொல்லிப்போடறேன்.”

தேஜஸ்ரீயின் கை கேட்டிலேயே நின்றது. “எத்தன நாளா இப்படிங்கம்மா?”

இன்றைக்குத்தான். கிழமையை மறந்தார், வழியை மறந்தார், அவளை மட்டும் இதுவரை மறந்ததில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தேஜஸ்ரீ திரும்பி உள்ளே வந்து, மூடிய பையை மறுபடி திறந்தாள். இனி ஆள் கிடைத்துவிடும்.

“எதுக்குங்க அழுகறீங்க? உக்காருங்க” என்று தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார் பாலுசாமி. “நஞ்சா இப்ப வந்துருவா.”