பெயர் சொல்லிக் கூப்பிட்ட மணல்மேடு

டென்மார்க்கில் பாலைவனம் இருக்கிறது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நானும் நம்பவில்லை. கல்யாண நாளுக்கென்று பிள்ளைகள் கோப்பன்ஹேகனில் இருந்து ஒரு கப்பல் பயணம் எடுத்துத் தந்தார்கள். கப்பல் நாட்டின் வடக்கு முனையில், ஸ்கேயன் துறைமுகத்தில் ஒரு பகல் நின்றது. அங்கிருந்து பேருந்தில் கொண்டுபோய்க் கடலோரத்து மணலில் இறக்கிவிட்டார்கள். மரமில்லை, வீடில்லை. காற்றுக்கு வருடாவருடம் நகர்கிற மேடு இது என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். நகர்கிற நிலம் என்று கேட்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணவருக்குப் பிடித்துவிட்டது. வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவர். மணலைக் கண்டால் மனுசனுக்குத் தலைகால் தெரியாது. சப்பாத்து, கைத்தொலைபேசி, பணப்பை எல்லாவற்றையும் என்னிடம் தந்தார்.

"எங்கட ஊர் மணற்காடு மாதிரியெல்லே கிடக்கு. உதில ஏறிக் கடலைப் பாத்திட்டு வாறன், நீர் இரும்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"வந்து சாப்பிடுறன்."

காலையில் இன்சுலின் போட்டவர். கப்பல் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று வெறும் கோப்பியோடு எழும்பியவர். வாழைப்பழமும், இரத்தத்தில் சீனி இறங்கினால் சப்புகிற சீனிக் குளிசையும் என் பையில்தான் இருந்தன. நான் சொல்லி எந்தக் காலம் கேட்டார்?

அவர் மேட்டுக்கு அப்பால் மறைந்த பிறகு கடலில் இருந்து பனிமூட்டம் வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் மேட்டைக் காணவில்லை, பேருந்தைக் காணவில்லை. பதறிப்போய் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது. சீனி இறங்கினால் முதலில் வேர்க்கும், பிறகு திசை தெரியாது, பிறகு விழுந்துவிடுவார். ஒருமுறை சமையலறையில் விழுந்திருக்கிறார். அப்போது நான் பக்கத்தில் நின்றேன்.

"இஞ்சாருங்கோ!" என்று எப்போதும் கூப்பிடுகிறபடியே கத்தினேன். பதில் இல்லை. தொண்டை கிழியக் கத்தியும் இல்லை.

வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். எல்லோரும் சேர்ந்து கூப்பிடலாம், அவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்று டேனிஷில் கேட்டாள். நான் பணப்பையில் இருந்த அவருடைய மஞ்சள் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினேன். யார் கேட்டாலும் அப்படித்தான் செய்வேன். கட்டியவனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். இந்த நாட்டில் மருத்துவர், தாதி, கடையில் நிற்கிற பெட்டை எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னதில்லை.

அந்த வழிகாட்டிப் பிள்ளை அட்டையைப் பார்த்தாள். எங்கள் ஆட்களின் நீளப் பெயர். ஒவ்வொரு தரமும் வேறு விதமாக உடைத்துக் கத்தினாள். அது தன் பெயர் என்று அவருக்கே விளங்கியிராது.

"நீங்களே கூப்பிடுங்கள்," என்றாள்.

சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் அங்கேயே கிடந்து சாவார். வாயைத் திறந்தேன். அவருடைய முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் கத்தினேன். மணலில் விழுந்தெழும்பி, கத்திக்கொண்டே ஏறினேன். அந்தப் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

உச்சிக்கு வந்ததும் கீழே இருந்து மெல்லிய குரலில், "ஓம்" என்று பதில் வந்தது.

மறுபக்கச் சரிவில் குந்தியிருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. குளிசையை வாய்க்குள் திணித்தேன். பழத்தை உரித்து ஊட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் உயிர் வந்தது.

"இஞ்சாருங்கோ எண்டதும் கேட்டது," என்றார். "எழும்ப ஏலேல்லை, வாயும் வரேல்லை. பிறகு நீர் பேரைச் சொல்லிக் கத்த, நான் செத்துப்போனன் எண்டு நீர் முடிவெடுத்திட்டீர் எண்டு நினைச்சன். இல்லையெண்டு உமக்குக் காட்டத்தான் ஓம் எண்டனான்."

மிச்சப் பழத்தையும் அவருடைய வாய்க்குள் வைத்தேன். பெயரைச் சொன்னது சொன்னதுதான், திருப்பி எடுக்க முடியாது. அன்றிலிருந்து விடிய எழும்பினால் முதலில் அவருடைய மூச்சைத்தான் பார்க்கிறேன்.