நூற்றுக்கு இரண்டு போன்கள்

மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தால் அதனுடன் வரும் குறிப்புகளைச் சோனியா கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். "மேல எல்லாம் ஜம்பம் பா. எத்தத் தூக்கிட்டாங்கன்னு கடைசியிலதான் சன்னமா எழுதுவாங்க, அஷ்டே, அவ்ளோதான்" என்பார். அன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில், கடைசியிலிருந்து மூன்றாவது வரியிலேயே அவர் விரல் நின்றுவிட்டது. ஆறு வருடமாக நம்பியிருந்த லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் எழுதிவைத்த துணை நிரலை, அவர்கள் வலைப்பக்கங்களுக்கு அடித்தளமான ஃப்ரேம்வொர்க் கைகழுவியிருந்தது.

அது ஒன்றும் பெரிய வித்தைக்கார லைப்ரரி இல்லை. இன்றைய பாணியில் எழுதும் வலைப்பக்கங்களைப் பழைய போன்களுக்கும் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். எவரோ எழுதி இலவசமாக விட்டது, ஃப்ரேம்வொர்க்கோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பாக்கெட் மாவு கடையில் கிடைக்கும்வரை வீட்டில் யாரும் அரிசி ஊறப்போடுவதில்லை. சோனியாவும் அதை ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை.

வயது நாற்பத்தொன்று. பிறந்ததும் குடித்தனம் நடத்துவதும் நீலசந்திராவில். பன்னிரண்டு வருடம் டேட்டா என்ட்ரி செய்தவர், பிறர் நிரலில் விட்ட பிழைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த் தானே திருத்தத் தொடங்கினார். வீட்டில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், மீட்டிங்கில் இங்கிலீஷ். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். தான் எழுதிய நிரல் தகராறு செய்தால் "இன்னாடா ஒனக்கு?" என்று அதட்டுவார். பிறர் எழுதியது என்றால், "இன்னாங்க, உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று திரையிடம் மரியாதையாக விசாரிப்பார். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது.

அவர் பார்த்துக்கொள்வது, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போனிலேயே லீவு கேட்பதற்கான ஒரு பக்கம். பழைய ஃப்ரேம்வொர்க்குக்கு மாதக் கடைசியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்பதால் புதியதற்கு மாறியே ஆகவேண்டும். மாறினால், அந்த லைப்ரரி இல்லாமல் பழைய போன்களில் பக்கம் திறக்காது. டீமுக்குத் தலைவனான தருண், திருப்பூரிலிருந்து வந்து மூன்று வருடமானவன், மீட்டிங்கில் கேட்டான். "அக்கா, பழைய போன் வெச்சிருக்கறவங்க நூத்துக்கு ரெண்டு பேருதான். போனை மாத்துங்கன்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுரலாமா?"

"விடு பா, ரெண்டுதானே" என்றார் சோனியா. அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த புது டீமில் அடுத்த மாதம் அவருக்கு இடம். பழைய சுமை எதுவும் தன் பேரில் இல்லாதவரைத்தான் அங்கே எடுப்பார்கள்.

எந்த மாற்றமும் வெளியே போகும் முன் ஒருமுறை நேரில் போய் ஓரமாக நின்று பார்ப்பது சோனியாவின் வழக்கம். இரண்டு நாள் கழித்துப் பீன்யாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார். சாப்பாட்டு நேரம். காலர் தைக்கும் லட்சுமம்மா கேன்டீன் படியில் உட்கார்ந்திருந்தார், கையில் மூலை உடைந்த ஒரு பழைய போன். எதிரே பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"நம்பர் சொல்லு. நாலு நாளா? கல்யாணமா, காய்ச்சலா? காய்ச்சல்னா இன்னாத்துக்குடி சிரிக்கிற?" என்று கேட்டபடி ஒவ்வொருவருக்கும் லீவு போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேருக்குக் கா நீங்க போடறீங்க?"

"எங்க லைன் முழுக்க நான்தான் மா. அறுபத்தி மூணு பேரு. இவளுங்க போனு வூட்டுக்காரன் கையில இருக்கும், இல்லன்னா டேட்டா இருக்காது. முன்னாடியே போடலேன்னா ஆப்சென்ட்டு. மூணு ஆப்சென்ட்டு ஆச்சுன்னா வேலைக்கு வராதேன்னுடுவாங்க."

சோனியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு போன்களை எண்ணியது, ஆட்களை அல்ல. அந்த எண்ணும் நிரலை ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதியவர் அவரேதான். திரும்பும் மெட்ரோவில் லேப்டாப்பை மடியில் வைத்து ஆள் கணக்கில் எண்ணிப் பார்த்தார். நூற்றுக்குப் பத்தொன்பது வந்தது. "எத்தடா எண்ணி வெச்சிருக்க நீ, தண்டம்!" என்றார். எதிரில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

மறுநாள் கணக்கைப் பார்த்த தருண் மறுத்துப் பேசவில்லை. ஆனால் வழி தெரியாமல் விழித்தான்.

"அந்த லைப்ரரிய மொத்தமா காப்பி பண்ணி நம்ம நிரலுக்குள்ளயே வெச்சுக்கலாம்" என்றார் சோனியா.

"எழுதினவரே இனிமே தொட மாட்டேன்னுட்டாருங்க்கா. நாளைக்கு ஒடைஞ்சா யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

"அப்ப புது டீமு?"

சோனியா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமலே மறுபடி மூடினார்.

இரண்டாயிரம் வரி இருந்தது. முதல் இரண்டு நாள் அதை "வாங்க, போங்க" என்றுதான் வாசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் "ஏன்டா இப்படிச் சுத்தி வர்ற?" என்றார். நான்காம் நாள் அது புது ஃப்ரேம்வொர்க்குடன் ஓடியது. லட்சுமம்மாவிடமிருப்பது போன்ற ஒரு போனைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, லீவு போட்டுப் பார்த்தார். பதிவாயிற்று.

வெளியாள் எழுதியதை உள்ளே சேர்த்தால் அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யார் பொறுப்பு, எந்தத் தேதிவரை. "டீம் பேரு போட்டுருங்க்கா, தனி ஆள் பேரு வேண்டாம்" என்றான் பின்னால் நின்ற தருண். டீம் பேரில் போட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று சோனியாவுக்குத் தெரியும். தன் பெயரைப் போட்டார். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, லட்சுமம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, சோனியா பேசறேன். அன்னிக்கு வந்தேனே. உங்க போன எப்பக் கா மாத்துவீங்க?"

தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே சிரிப்புக் கேட்டது. "இத்த இன்னாத்துக்கு மா மாத்தணும்? தங்கச்சி மக போன மாசம்தான் குடுத்தா. எனக்கு இது புச்சு."

போனை வைத்தார் சோனியா. தேதிக் கட்டத்தில் நாட்காட்டி திறந்திருந்தது. ஆண்டைக் கூட்டும் அம்புக்குறியை அழுத்தினார். ஒரு வருடம் கூடியது. மறுபடி அழுத்தினார்.

"போதுங்க்கா" என்றான் தருண்.

சோனியா இன்னொரு முறை அழுத்தினார்.